இல்லம் பேணல்: போகிக்கு முன் நான்கு வாரங்கள்

"இது வாடகை வீடுதானே, இதற்கு எதற்கு வீண் செலவு?" என்று கேட்கும் இல்லங்கள் நம் சங்கத்தாரிடையே பல உண்டு. மும்பையில் 11 மாத ஒப்பந்தத்தின் மேல் குடியிருப்போர்க்கு இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் அதைப் புதுப்பிப்பாரா, வாடகையை உயர்த்துவாரா, வேறிடம் பார்க்கச் சொல்வாரா என்பது எவருக்கும் தெரியாது. ஆயினும், இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள் இருபது ஆண்டுகளாக இங்கேயே வாழ்ந்து வருவதையும் நாம் காண்கிறோம். பெரியவர்களுக்கு அது தற்காலிகக் குடியிருப்பாக இருக்கலாம். இங்கே பிறந்து வளரும் குழந்தைக்கோ அதுவே வீடு. தொட்டிலில் கிடந்ததும், அரிச்சுவடி படித்ததும், மழைக்காலத்தில் இருமிக்கொண்டு படுத்திருந்ததும் அந்தச் சுவர்களுக்கு நடுவேதான்.

ஆகவே, வாடகை வீட்டிற்குச் செலவு செய்யலாமா என்று கேட்பதை விட, எதற்குச் செய்வது, எப்பொழுது செய்வது, எவ்வளவில் நிறுத்துவது என்று கேட்பதே பொருத்தமாகும். இம்மாதம் சுவர்களைப் பற்றி மட்டும் பார்ப்போம்.

காலம் அறிதல்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்து, மார்கழிப் பனியும் குறைந்து வரும் வேளையில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் நாட்டு வழக்கம். மும்பைக்கு வந்த பின்னர், அக்கம்பக்கத்தாரைப் பார்த்து நம்மவர் பலரும் தீபாவளிக்கு முன்பே வண்ணம் பூசத் தொடங்கிவிட்டனர். அதில் தவறேதுமில்லை, சுவர் காய்ந்திருக்குமாயின்.

மும்பை மழையின் அளவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சென்னை ஓராண்டு முழுவதும் பெறும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். மும்பை சாந்தாக்ரூஸ் பகுதியிலோ ஜூலை ஒரு மாதத்தில் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கும் மழை அக்டோபர் முதல் பகுதி வரை நீடிக்கிறது. தென்மேற்கிலிருந்து காற்றோடு வந்து மோதுவதால், தெற்கும் மேற்கும் நோக்கிய வெளிச்சுவர்கள் நான்கு மாதங்கள் நீரைக் குடித்து நிற்கின்றன. அந்த நீர் இரண்டு மூன்று வாரங்களில் வெளியேறிவிடாது. தீபாவளிக்கு முன் அவசரமாகப் பூசிய வண்ணம் பொங்கலுக்குள் கொப்புளம் கண்டு உரிவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. மழை நின்று மூன்று மாதங்கள் வெயிலும் காற்றும் பட்ட பின் வரும் பொங்கல்தான் இங்கும் ஏற்ற காலம். நாம் ஊரிலிருந்து கொண்டு வந்த வழக்கம் இந்நகருக்கும் பொருந்தி நிற்பது மகிழ்ச்சிக்குரியதன்றோ!

கல்கத்தா அன்பர்களுக்கும் இதே கணக்கு ஏற்கும். தில்லி அன்பர்கள் மட்டும் இதைப் பின்பற்ற வேண்டாம். அங்கே ஜனவரியின் பனிமூட்டத்தில் பட்டியும் வண்ணமும் எளிதில் உலர மாட்டா. அவர்கள் அக்டோபர், நவம்பரிலோ, பிப்ரவரி பிற்பகுதியிலோ வைத்துக்கொள்வது நலம்.

முதல் வாரம்: சுவரைச் சோதித்தல்

ஓதம் காத்த சுவருக்கு வண்ணம் பூசுதல், ஆறாத புண்ணுக்குப் பட்டுத்துணி சுற்றுவதற்கு ஒப்பாகும். எனவே முதலில் சோதனை.

ஓர் அடிச் சதுரமுள்ள கனத்த பாலிதீன் தாளை எடுத்து, சந்தேகத்திற்குரிய இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டு நாடாவால் காற்றுப் புகாதபடி ஒட்டுங்கள். இரண்டு நாட்கள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரை ஒட்டிய பக்கத்தில், நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையை நோக்கிய புறத்தில் மட்டும் துளி நின்றால் அது அறைக் காற்றின் ஈரம். சமையல் ஆவியும், வீட்டிற்குள் உலர்த்தும் துணிகளும், சுவரோடு ஒட்டித் தள்ளிய அலமாரியும் அதற்குக் காரணம். அலமாரியை மூன்று அங்குலம் முன்னே இழுத்து வைத்து, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தந்தாலே அது பெரும்பாலும் தீரும்.

சுவருக்குள்ளிருந்து ஈரம் வருமாயின், அது எவ்வழியே வருகிறது என்று காணுங்கள். மழையில் மட்டும் பெருகும் கறை வெளிச்சுவர் வெடிப்பினால் வருவது. கோடையிலும் காயாத கறை குழாயிலிருந்தோ, மேல் வீட்டுக் குளியலறையிலிருந்தோ கசிவது. தரைத்தளத்தில் இரண்டு மூன்று அடி உயரத்திற்கு வெண்மையான உப்புப் பூத்து நிற்பது மண்ணிலிருந்து ஏறும் ஓதம்.

இம்மூன்றும் நம் தூரிகையால் தீர்பவை அல்ல. கறையைப் படம் பிடித்து, தேதியிட்டு, வீட்டுக்காரருக்கும் குடியிருப்புச் சங்கத்திற்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஜனவரியில் எழுதினால் மே மாதத்திற்குள் வெளிப்பூச்சு வேலை நடக்க இடமுண்டு. ஜூலையில் எழுதினால் மழை நிற்கட்டும் என்ற விடையே கிடைக்கும். அதுவரை அந்தச் சுவரில் உரிந்ததைச் சுரண்டி, வெறுமையாகவே விட்டு வையுங்கள். உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுங்கள். நீர் விட்டுக் கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

இரண்டாம் வாரம்: சுரண்டலும் எச்சரிக்கையும்

வண்ணம் பூசுவது குறித்து வீட்டுக்காரரின் சம்மதத்தை இதற்குள் பெற்றுவிடுங்கள். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சுவரையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில் முன்பணத்தைக் காக்கும் சாட்சி அதுவே.

பூஞ்சணம் பிடித்த இடத்தைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து நன்கு உலர விடுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்துவோர் அதனுடன் கழிவறை அமிலத்தையோ வேறு மருந்தையோ ஒருபோதும் கலத்தல் ஆகாது. நச்சு வாயு எழும்.

இவ்விடத்தில் தாய்மார்கள் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பழைய கதவு, சன்னல், கம்பிகளின் மேல் உள்ள எண்ணெய் வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்டவற்றை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்க வல்லது. பழைய வண்ணம் உரியாமல் உறுதியாக இருந்தால் அதைத் தேய்க்க வேண்டா. சோப்பு நீரால் துடைத்து, அதன் மேலேயே புதிய வண்ணம் பூசுங்கள். உரிந்திருந்தால் நீர் தெளித்து, ஈரத்திலேயே சுரண்டுங்கள். முகமூடி அணியுங்கள். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும். சுரண்டியதை ஈரச் செய்தித்தாளில் மடித்துக் கட்டி அப்புறப்படுத்தி, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். போகியன்று பழையன கழிக்கும் தீயில் இவற்றை மட்டும் இடாதீர்கள். ஈயம் எரிந்து மறைவதில்லை, புகையிலும் சாம்பலிலும் தங்கும்.

மூன்றாம் வாரம்: பட்டி பார்த்தல்

ஆணித் துளைகளையும் வெடிப்புகளையும் பட்டியால் அடைத்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். இங்குள்ள கடைகளில் உப்புத்தாளை 'ரேக்மால்' என்றும், சுண்ணாம்பைச் 'சூனா' என்றும், பட்டியைப் 'புட்டி' என்றும் கேட்டால் தயங்காமல் எடுத்துத் தருவர். சுவர் முழுவதும் பட்டி பூச வேண்டுவதில்லை. குழி உள்ள இடத்தில் மட்டும் போதும். செலவு மிகுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

நான்காம் வாரம்: பூச்சு

பழைய சால்களில் சுண்ணாம்பு மட்டுமே கண்ட சுவர்கள் இன்னும் உண்டு. அவற்றிற்குச் சுண்ணாம்பே சிறந்தது, விலையும் குறைவு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் வண்ணம் மெல்லிய தோல் போலப் படர்ந்து அதைத் தடுக்கும். நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, சிறிது பசை சேர்த்து, நீர்க்கவே இரண்டு மூன்று முறை பூசுங்கள். கண்ணாடி அணியாமல் இவ்வேலையில் இறங்கலாகாது. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தூய நீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். ஏற்கெனவே எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. அங்கே பிரைமர் ஒரு முறையும் எமல்ஷன் இரு முறையும் பூசுவதே வழி.

எவ்வளவு வாங்குவது? 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையின் நான்கு சுவர்களும் 440 சதுர அடி. கதவு, சன்னலுக்கு 60 கழித்தால் 380. ஒரு லிட்டர் எமல்ஷன் இரு பூச்சுக்கு ஏறத்தாழ 120 சதுர அடி காணும் என்று கொண்டால், 4 லிட்டர் டின் ஒன்று போதும், மீதமும் ஆகும். டின்னின் மேல் அச்சிட்டுள்ள அளவைப் பார்த்து இக்கணக்கைச் சரி செய்துகொள்ளுங்கள். கட்டடங்கள் நெருங்கி நிற்கும் இந்நகரில் சன்னல் வழியே வரும் ஒளி குறைவு. ஆகவே வெளிர் நிறங்களையே தேர்ந்தெடுத்தால் பகலில் விளக்கெரிக்கும் நேரம் குறையும். மேற்கூரையை முதலிலும், பின்னர்ச் சுவர்களை மேலிருந்து கீழாகவும் பூசுங்கள். முக்காலியின் மேல் முக்காலி அடுக்கி ஏற வேண்டா. உறுதியான ஏணி ஒன்றைச் சங்கத்து அன்பர்கள் தம்முள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். மின் விசைப் பலகைகளைக் கழற்றுமுன் மெயின் விசையை நிறுத்துங்கள்.

எல்லா அறைகளையும் ஒரே ஆண்டில் முடிக்க முடியாதவர்கள், குழந்தைகள் உறங்கும் அறையை மட்டும் இவ்வாண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மோடு வருபவை

சுவருக்குச் செய்தது வீட்டோடு நின்றுவிடும். ஆதலால் அதற்கு ஆகும் செலவைச் சுருக்கி, எஞ்சியதை நம்முடன் எடுத்துச் செல்லக் கூடியவற்றிற்கு வைப்பதே வாடகைக் குடித்தனத்தின் சிக்கனம். அதற்கும் புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. பாட்டியின் பழைய ஒன்பது கஜப் பருத்திப் புடவை ஏறத்தாழ எட்டே கால் மீட்டர் நீளம் உடையது. அதை நான்காக வெட்டினால் இரண்டு மீட்டர் நீளத் திரைகள் நான்கு கிடைக்கும். நான்கடி அகலச் சன்னலுக்கு இரண்டு திரைகள் மடிப்போடு நிற்கும். ஆக, ஒரு புடவை இரண்டு சன்னல்களை மூடும். துளையிடாமல் இரு பக்கச் சுவரையும் உந்தி நிற்கும் சுருள்வில் கம்பிகள் இப்போது கிடைக்கின்றன. காலி செய்யும் போது கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. மிஞ்சிய வண்ணத்தைக் கொட்டிவிடாதீர்கள். சிறு புட்டியில் ஊற்றி இறுக மூடி, நிறத்தின் பெயரையும் எண்ணையும் மேலே எழுதி வையுங்கள். குழந்தை கிறுக்கிய இடத்தையும், காலி செய்யும் நாளில் ஆணி பிடுங்கிய இடத்தையும் அதைக் கொண்டே மறைத்துவிடலாம். ஆனால், கதவோரத்தில் ஆண்டுதோறும் குழந்தையின் உயரத்தைக் குறித்த கோடுகள் இருக்குமாயின், அவற்றின் மேல் மட்டும் தூரிகையை ஓட்டாதீர்கள்.

அடுத்த இதழில், சிறு சமையலறையில் இடம் காணும் வழிகளைப் பார்ப்போம். அன்பர் அனைவர்க்கும் பொங்கல் வாழ்த்துகள்.