எல்லா கேமும் ஒன்றில்லை



"கேம்தான் பிள்ளைகளைக் கெடுக்குது" என்று பெற்றோர் கூட்டத்தில் யாராவது சொன்னால் ஆசிரியர்கள் நாங்களும் தலையாட்டிவிடுகிறோம். எல்லா கேமையும் ஒரே தராசில் போடுவது நியாயமா?

1983இல் ஆப்பிள் 2 கணினிக்கு டக்ளஸ் ஸ்மித் என்பவர் எழுதி, புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட லோட் ரன்னரைப் பாருங்கள். அதில் நம் ஆளுக்குப் பாயத் தெரியாது. காவலாளியைச் சுடவும் முடியாது. இடப்பக்கமோ வலப்பக்கமோ செங்கல் தரையில் ஒரு குழி தோண்டலாம், அவ்வளவுதான். துரத்தி வரும் காவலாளி அதில் விழுந்தால் அவன் தலைக்கு மேலால் நடந்து போகலாம். சற்று நேரத்தில் குழி தானாகவே மூடிவிடும். உள்ளே நாம் மாட்டினால் கதை முடிந்தது! இரண்டு அடுக்குக்குக் கீழே இறங்க வேண்டுமா? மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழி தோண்ட வேண்டும். அவசரப்பட்டவன் அங்கேயே அகப்படுவான்.

இப்படி 150 கட்டங்கள். புதிய கட்டங்களை நாமே அமைக்கும் வசதியும் கேமுடனேயே வந்தது. தோற்றால் திரும்ப விளையாடலாம், காசு கேட்காது.

இன்று போனில் இருக்கும் பல கேம்கள் தோற்ற இடத்திலேயே விளம்பரம் காட்டுகின்றன, இல்லாவிட்டால் காசு கட்டச் சொல்கின்றன. நம் கோபம் அதன்மீது இருக்கட்டும். ஆனால் போனைப் பறித்து அலுமாரியில் பூட்டியதோடு நம் வேலை முடிந்ததா?

இந்த லீவில் சதுரக் கட்டம் போட்ட கணிதக் கொப்பி ஒன்றைக் கொடுத்து, ஏணி எங்கே, தங்கம் எங்கே, காவலாளி எங்கே என்று மகனையே ஒரு கட்டம் வரையச் சொல்லுங்கள். வெளியேறும் வழியைத் தங்கச்சி கண்டுபிடிக்கட்டும். அப்படியொரு வழி இருக்கிறதா என்று வரைந்தவரே முதலில் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.