கைப்பேசி யார் கையில்? தொலைமருத்துவமும் காப்பற்ற மனிதர்களும்

கைப்பேசியிலேயே மருத்துவரைப் பார்க்கலாம் என்பது இன்று அரசுகள் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் செய்தி. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் வெளியிடப்பட்டன. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தபடி மருத்துவ ஆலோசனை பெறும் வசதி வந்தது. 2022 அக்டோபரில் மனநல ஆலோசனைக்கென டெலி-மானஸ் (14416) தொடங்கப்பட்டது. பேருந்து வராத சேரிக்கும் மலைக்கிராமத்துக்கும் மருத்துவரின் குரல் எட்டுவதை நாம் எதிர்க்கவில்லை. ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்தவர்கள் நம் மக்களே. ஆனால், அந்தக் குரல் யாருடைய கைப்பேசியில் ஒலிக்கிறது என்ற கேள்விக்கு இத்திட்டங்களில் விடை இல்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் சுமார் 54 விழுக்காட்டினர் என்கிறது. ஊரகத்தில் இது பாதிக்கும் குறைவு. மணமான பெண்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்பதும், வன்முறைக்கு ஆளான பெண்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் அதை எவரிடமும் சொன்னதில்லை, உதவி கேட்டதுமில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுகள். இவற்றைச் சேர்த்துப் படித்தால் சிக்கல் விளங்கும். கைப்பேசிக்கு உரியவரும் கை ஓங்குபவரும் ஒருவராகவே இருக்கும் வீட்டில், அப்பெண் மருத்துவரிடம் எதைச் சொல்ல இயலும்?

மருத்துவமனைக்குச் செல்வது சிகிச்சைக்கான பயணம் மட்டுமன்று. அடைபட்டுக் கிடப்பவர் வீட்டைவிட்டு வெளியேறக் கிடைக்கும் ஒரே வாய்ப்பாகவும் அது பலருக்கு இருந்துவருகிறது. உடன் வந்தவரைச் செவிலியர் வெளியே நிற்கச் சொல்லலாம். சேலைத் தலைப்புக்குள் மறைந்த கன்றிப்போன காயம் மருத்துவரின் கண்ணில் படலாம். படுக்கையில் கிடக்கும் முதியவரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால், அவர் பல நாட்களாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது தெரிந்துவிடும். காணொலி அழைப்பில் மருத்துவர் காண்பது, கைப்பேசியைப் பிடித்திருப்பவர் காட்ட விரும்பும் பகுதியை மட்டுமே. அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

இந்த அபாயத்தை வழிகாட்டுதல்கள் குறைக்கவில்லை. நோயாளி தனிமையில் பேசுகிறாரா என்பதை உறுதிசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் அவற்றில் இல்லை. மாறாக, மறதிநோய், உடல் குறைபாடு போன்ற காரணங்களால் இயலாத நிலையிலுள்ளவர் சார்பில் ஆலோசனை பெறும் அதிகாரம் பராமரிப்பவருக்கு இருப்பதாகவே கருதப்படும் என்கின்றன. நோயாளி உடன் இல்லாதபோதும் இது பொருந்தும். பராமரிப்பவர் எப்போதும் பாதுகாவலரே என்ற நம்பிக்கையின் மீது இவ்விதி நிற்கிறது. ஆனால், ஓய்வூதியத்தைப் பறித்துக்கொள்ளும் மகன், மாற்றுத்திறனாளிப் பெண்ணைச் சீரழிக்கும் உறவினர், தூக்க மருந்து கொடுத்தே முதியவரை அடக்கி வைப்பவர் ஆகியோரும் 'பராமரிப்பவர்' என்ற பெயரிலேயே மருத்துவரிடம் பேசுவார்கள்.

நாட்டின் சட்டங்கள் இதற்கு நேர்மாறான திசையில் நகர்ந்துள்ளன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, மாற்றுத்திறனாளிகளும் பிறருக்கு இணையான சட்டத் தகுதி உடையவர்கள் என்கிறது. அவர்கள் மீதான வன்கொடுமை பற்றி அறிந்த எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம் என்கிறது அதன் 7ஆம் பிரிவு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடுமின்றி மனநலச் சேவை பெறும் உரிமையை வழங்குகிறது. தகவல் காக்கப்படும் உரிமையையும் வழங்குகிறது. பக்கத்தில் கணவரோ மாமியாரோ அமர்ந்திருக்கப் பேசப்படும் மனநல ஆலோசனையில் இந்த உரிமைக்கு என்ன பொருள்?

தலித் மக்களைப் பொறுத்தவரை இதில் மற்றோர் அடுக்கும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பட்டியல் சாதியினரிடையே மாற்றுத்திறனாளிகளின் விகிதம் 2.45 விழுக்காடு, நாட்டின் சராசரி 2.21 விழுக்காடு. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் வெளியான 'ஊரக இந்தியாவில் தீண்டாமை' என்ற ஆய்வு, மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுத்ததைப் பதிவு செய்தது. வீட்டுக்கு வர மறுத்த அதே அமைப்பின் கையில் இன்று 'காணொலியில் பார்த்துவிட்டோம்' என்ற விடையும் வந்து சேர்ந்திருக்கிறது. தொடாமல் மருத்துவம் பார்ப்பதற்குத் தொழில்நுட்பம் தரும் நியாயம், தீண்டாமைக்கான நியாயமாகிவிடக் கூடாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் பட்டியல் சாதியினர் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அது வாசல் உள்ள மருத்துவமனையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டம். வாசலே இல்லாத மருத்துவமனையில், அழைப்பை இணைக்காமல் விடுவதையும், இரண்டு நிமிடத்தில் பேச்சை முடித்துத் துண்டிப்பதையும் எப்படி மெய்ப்பிப்பது? இன்னொன்றையும் நாம் மறைக்காமல் பேசியாக வேண்டும். குற்றமிழைத்தவரும் பட்டியல் சாதியினராக இருந்தால் இச்சட்டம் பொருந்தாது. சேரி வீட்டுக்குள் பெண்கள் மீதும் முதியவர்கள் மீதும் நிகழும் வன்முறைக்கு, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 போன்ற பொதுச் சட்டங்களே துணை. அவற்றை நாடுவதைச் சமூகத்துக்கு இழைக்கும் துரோகமாகக் காணும் மனப்போக்கை நாம் கைவிட வேண்டும்.

வீடு மட்டுமே இதற்குக் களமன்று. செங்கல் சூளைகளிலும் நூற்பாலை விடுதிகளிலும் தங்கி உழைப்பவர்களில் பெரும் பகுதியினர் தலித்துகளும் பழங்குடியினருமே. அங்கே முதலாளியின் ஆளோ விடுதிக் காப்பாளரோ கைப்பேசியை நீட்டி மருத்துவரிடம் பேசச் சொன்னால், காயம் எப்படி ஏற்பட்டது என்பதைத் தொழிலாளி சொல்லத் துணிவாரா? வெளி மருத்துவமனைக்கு அனுப்பாமலிருக்கத் தொலைமருத்துவம் ஒரு சாக்காகுமானால், அது கொத்தடிமை முறைக்குக் கிடைத்த புதிய பூட்டாகவே அமையும்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் புகார் தருவதைப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு கட்டாயமாக்கியுள்ளது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாத வயதுவந்தோருக்கு அத்தகைய பொதுக் கடமை இங்கு எவருக்கும் இல்லை. இங்கிலாந்தின் பராமரிப்புச் சட்டம் 2014, அத்தகையோர் கொடுமைக்கு ஆளாவதாக ஐயம் எழுந்தாலே உள்ளாட்சி அமைப்பு விசாரிக்க வேண்டும் என்கிறது. அதை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தைக் கேட்காமல் காவல் நிலையத்துக்கு ஓடினால், அழைப்பு முடிந்த மறுகணமே அவர் அடிபடுவார். ஆயினும், ஐயம் எழுந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்ற வரையறையாவது இங்கு தேவை.

எனவே, வழிகாட்டுதல்கள் திருத்தப்பட வேண்டும். ஒவ்வோர் ஆலோசனையிலும் நோயாளி தனியாகப் பேசச் சில நிமிடங்கள் கட்டாயமாக ஒதுக்கப்பட வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்ற விடைகளே போதுமான கேள்விகளை மருத்துவர் கேட்க வேண்டும். தனிமை வாய்க்காதபோதும், ஐயம் எழும்போதும், குறித்த நாட்களுக்குள் செவிலியர் நேரில் சென்று பார்க்க வேண்டும். உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரது வாயை அடைக்கும் விதி நீக்கப்பட வேண்டும். செவித்திறன் குறைந்தவருக்குக் குடும்பத்தாரன்றி வெளியிலிருந்து சைகைமொழி பெயர்ப்பாளர் அமர்த்தப்பட வேண்டும். பெண்களுக்கான 181, முதியோருக்கான 14567, வன்கொடுமைக்கு எதிரான 14566 ஆகிய உதவி எண்களுக்கு, நோயாளி விரும்பினால், அந்த அழைப்பிலிருந்தே இணைக்க வழி வேண்டும். சேரிகளுக்குப் பணியாளர்கள் நேரில் சென்றார்களா, காணொலியோடு நின்றார்களா என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. எத்தனை கோடி ஆலோசனைகள் வழங்கப்பட்டன என்று அரசு கணக்குச் சொல்கிறது. அவற்றில் எத்தனை முறை நோயாளி தம் வாயால், அச்சமின்றிப் பேசினார் என்பதே நாம் கேட்கும் கணக்கு.