படம் பார்க்கும் ராத்திரிக்கு நம் வீட்டுத் தீனி

கேள்வி: ''சனிக்கிழமை ராத்திரி மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து டி.வி-யில் படம் பார்ப்போம். படம் தொடங்கியதுமே பிள்ளைகள் சிப்ஸ் பாக்கெட் கேட்கிறார்கள். வீட்டில் கடலை, வெள்ளைச்சோளம், தட்டைப்பயறு இருக்கின்றன. அதிகம் மெனக்கெடாமல் இவற்றில் என்ன செய்து தரலாம்?''

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் தாராளமாகப் போதும். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ரூபாய் பாக்கெட்டில் 25 கிராம் சிப்ஸ் இருந்தால், கிலோ 400 ரூபாய் ஆகிறது. கடைசியாக மண்டியில் உங்கள் கடலையை என்ன விலைக்குப் போட்டீர்கள் என்பதை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நம் பொருளைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, எண்ணெயும் உப்பும் ஏறிய பொருளைப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம் என்பது புரியும்.

அவித்த கடலை: படம் பார்க்கும்போது கண் திரையில் இருக்கும், கை எவ்வளவு எடுக்கிறது என்பது தெரியாது. அதனால் தோலோடு அவித்த கடலைதான் இதற்கு ஏற்றது. ஒவ்வொன்றாக உரித்துத் தின்பதால் கை தானாகவே நிதானமாகும். பச்சைக்கடலையை மண் போக நாலு தண்ணீரில் கழுவி, கொஞ்சம் உப்புப் போட்டு, குக்கரில் நாலைந்து விசில் விட்டால் போதும். காய்ந்த கடலை என்றால் காலையிலேயே ஊறப் போட்டுவிடுங்கள்.

சோளப்பொரி: ஒரு டம்ளர் வெள்ளைச்சோளத்தைப் புடைத்துச் சுத்தம் செய்து, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துப் பிசறி, அரை மணி நேரம் துணியில் மூடி வையுங்கள். இரும்பு வாணலியை நன்றாகக் காயவிட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு பிடி மட்டும் போட்டு, மூடி வைத்துக் குலுக்குங்கள். வெடிக்கும் சத்தம் அடங்கியதும் இறக்கிவிட வேண்டும். பொரியாத சோளத்தைச் சல்லடையில் சலித்து எடுத்துவிடுங்கள். வயதானவர்களின் பல்லுக்கு அது ஆகாது. ஒரு ஸ்பூன் கடலை எண்ணெயைச் சூடாக்கி, மஞ்சள்தூள், மிளகுத்தூள், உப்பு போட்டுப் பொரியைப் புரட்டி எடுத்தால் வேலை முடிந்தது. எல்லாச் சோளமும் ஒரே மாதிரி பொரியாது. முதலில் ஒரு பிடி போட்டுப் பாருங்கள். பாதிகூடப் பொரியவில்லை என்றால், அதை மாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டைப்பயறு சுண்டல்: காலையில் ஊற வைத்து, சாயங்காலம் இரண்டு, மூன்று விசிலில் வேகவிட்டு, கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காய் துருவிப் போடுங்கள். மாங்காய் கிடைக்கும் காலத்தில் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு மிக்ஸரைவிட இந்தச் சுண்டல் நல்லது. வெல்லம் போட்ட உருண்டைகளை அவர்களுக்கு அளவாகத்தான் தர வேண்டும். வெல்லமானாலும் நாட்டுச்சர்க்கரையானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். குடிப்பதற்குக் கலர் பாட்டிலுக்குப் பதில் நீர்மோர் வையுங்கள்.

இனி, கட்டாயம் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்.

முதலாவது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை கொடுக்கக் கூடாது. இருட்டில், படுத்துக்கொண்டோ சிரித்துக்கொண்டோ தின்னும்போது பருப்பு மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். சோளப்பொரியும் அந்த வயதுக்கு வேண்டாம். வறுத்த கடலையையும் எள்ளையும் வெல்லத்தோடு நைசாகப் பொடித்து, மெதுவான உருண்டையாகப் பிடித்து, உட்கார வைத்துக் கொடுங்கள். சுண்டல் தருவதென்றால் குழைய வேகவைத்து மசித்துத் தாருங்கள்.

இரண்டாவது, நம் விவசாயக் குடும்பங்களில் காலங்காலமாக இருக்கும் பழக்கம். தரமான கடலையை மண்டிக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியது, உடைந்தது, நிறம் மாறியது, சொத்தை எல்லாவற்றையும் வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்கிறோம். ஈரம் காயாத கடலையிலும் பூச்சி துளைத்த கடலையிலும் ஒருவகைப் பூஞ்சணம் பிடிக்கும். அது அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அவித்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. நெடுநாள் உடம்பில் சேர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கும். கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நிறம் மாறிய, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வாயில் போட்டதும் கசந்தால் துப்பிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அந்தக் கழிவைச் செக்குக்கும் போடாதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள். மாடு தின்றால் நஞ்சு பாலில் இறங்கும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

ஆட்டிப் பார்த்தால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் கேட்கும் அளவுக்குக் காய்ந்த பிறகே கடலையை மூட்டை கட்ட வேண்டும். அடுத்த முறை கடலை பிடுங்கும்போது, நல்ல காயில் ஒரு மூட்டையை வீட்டுக்கென்று முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியை மண்டிக்கு ஏற்றுங்கள்.

கேள்வி: ''எங்கள் காட்டில் விளைந்த மக்காச்சோளத்தை வாணலியில் போட்டால் கருகுகிறதே தவிர, பாப்கார்ன் மாதிரி பொரியவில்லை. விதைக்கு வாங்கியதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைப் பொரித்துப் பார்க்கலாமா?''

- ஒரு வாசகர், பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: விதையைத் தொடவே தொடாதீர்கள். விதை மக்காச்சோளத்தில் சிவப்பு, பச்சை என்று சாயம் ஏற்றியிருப்பது, அதில் பூஞ்சணக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ கலந்திருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. கழுவினாலும் வறுத்தாலும் அந்த மருந்து போகாது. கோழிக்குக்கூடப் போடக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், விதைப் பையிலேயே கட்டி வையுங்கள். சமையலறைப் பாத்திரத்தில் கொட்டி வைக்க வேண்டாம். வீட்டிலேயே மருந்து கலந்து வைத்த கடலை விதைக்கும் இதே விதிதான்.

உங்கள் காட்டில் விளைவது தீவன ரகமாக இருக்கும். பாப்கார்ன் தனி ரகம். அதன் மணி சிறியது, தோல் கெட்டியானது. சூடேறும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி, ஏறத்தாழ 180 டிகிரி சூட்டில் வெடித்து மலர்கிறது. தீவன ரகத்தில் ஆவி முன்பே கசிந்துவிடுவதால் மணி கருகிப்போகிறது. மளிகைக் கடையில் பாப்கார்ன் சோளம் என்று கேட்டு வாங்கினால், ஒரு பிடியே குடும்பத்துக்குக் காணும்.

உங்கள் கதிரைப் பால் பருவத்தில் பறித்து, அவித்தோ சுட்டோ தாராளமாகத் தின்னலாம். ஆனால், படைப்புழுவுக்கு மருந்து அடித்திருந்தால், மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள்கள் முடிந்த பிறகே கதிரில் கை வைக்க வேண்டும்.