முதுமைக்குக் கஞ்சி: உரிமையா, சூதாட்டமா?

சங்கரன்கோவில் வீதிகளில் விசைத்தறிச் சத்தம் ஓய்வதில்லை. அந்தத் தறிகளுக்கு முன்னே நின்று நின்றே கால் வீங்கியவர்களும், சுற்றுக் கிராமங்களில் மல்லிகை பறித்தே முதுகு வளைந்தவர்களும் 60 வயதுக்குப் பிறகு எதை நம்பி வாழ்வது? இதற்கு இன்று சுலபமான பதில் ஒன்று சொல்லப்படுகிறது. "சேமியுங்கள், சேமித்ததைப் பங்குச் சந்தையில் போடுங்கள், எதில் எவ்வளவு என்று நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்கிறார்கள்.

தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் நல்லதுதான். ஆனால் தேர்ந்தெடுக்கக் கையில் ஏதேனும் மிஞ்ச வேண்டாமா? நெய்த அளவுக்குத்தான் கூலி. தறி நின்றால் அதுவும் இல்லை. மளிகைக் கடன், பள்ளிச் செலவு, ஆடித் தபசுக்கு வாங்கிய கைமாற்று எல்லாம் போக மிச்சம் என்ன?

உழைப்பாளியின் முதுமைக்கென்று 1952-ல் பிராவிடண்ட் பண்டு சட்டம் வந்தது. தொழிலாளி தன் கூலியில் 12 சதவீதம் கட்டினால் முதலாளியும் 12 சதவீதம் கட்ட வேண்டும். முதலாளி கட்டும் பங்கு தர்மமல்ல; நிறுத்தி வைத்த கூலி! அதில் 8.33 சதவீதம், 1995-ல் வந்த திட்டப்படி, பென்ஷன் நிதிக்குப் போகிறது. கிடைப்பது எவ்வளவு? சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 9000 ரூபாய் சம்பளத்தில் 14 ஆண்டு உழைத்தவருக்கு மாதம் 1800 ரூபாய். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சப் பென்ஷனை 1000 ரூபாயாக்கினார்கள். பத்தாண்டு கடந்தும் அது உயரவில்லை. அதைக் கொண்டு கஞ்சி குடிப்பதா, மருந்து வாங்குவதா?

இதுவும் 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே. ஒரே முதலாளியின் தறிகள் பல பெயர்களில் சிறு கூடங்களாகக் கணக்குக் காட்டப்பட்டால், சட்டம் வாசலிலேயே நின்றுவிடும். வயலில் உழைப்பவருக்கோ கணக்குக் காட்ட முதலாளியே இல்லை. 2015-ல் வந்த அடல் பென்ஷன் திட்டம் 60 வயதில் மாதம் 1000 முதல் 5000 ரூபாய் வரை தருவதாகச் சொல்கிறது. ஆனால் முப்பது ஆண்டுக்குப் பிறகு அந்த 1000 ரூபாய் எத்தனை படி அரிசி வாங்கும்?

பிராவிடண்ட் பண்டுப் பணமும் சந்தைக்குப் போகிறது. 2015 ஆகஸ்டில் புதிய வரவில் 5 சதவீதத்தைப் பங்குகளில் போடத் தொடங்கினார்கள். 2017-ல் அதை 15 சதவீதமாக்கினார்கள். தறிக்காரரை யார் கேட்டார்கள்?

சிலி நாட்டைப் பாருங்கள். 1981-ல் இராணுவ சர்வாதிகாரம் தொழிலாளரின் பென்ஷனைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. இராணுவத்தினருக்கு மட்டும் பழைய முறையையே வைத்துக்கொண்டது! அற்பப் பென்ஷன் கண்டு வெகுண்ட மக்கள் 2016-ல் வீதியில் திரண்டார்கள்.

அதே 2016 ஏப்ரலில் பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிலாளிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் இறங்கினார்கள். முதலாளி கட்டிய பங்கை 58 வயது வரை எடுக்கக்கூடாது என்ற புதிய விதியை, இரண்டே நாளில் மத்திய அரசு வாபஸ் வாங்கியது. எந்தப் பங்குத் தரகனாலும் தர முடியாத லாபம் அது!

தோழர்களே! கூலியில் பிடித்தம் இருந்தால் உங்கள் 12 இலக்கக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று மாதந்தோறும் பாருங்கள். மில் மாறும்போது கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடாமல் புதிய இடத்துக்கு மாற்றுங்கள். 10 ஆண்டு சேவை இல்லையேல் பென்ஷன் இல்லை. கொள்ளை வட்டி தருவதாகச் சொல்பவனிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். மிச்சம் பிடித்ததைத் தபாலாபீசில் போடுங்கள்.

ஆனால் தனி மனிதனின் சிக்கனத்தால் மட்டும் முதுமை காக்கப்படாது. விலைவாசியோடு சேர்ந்து உயரும் பென்ஷன் வேண்டும். 20 பேர் என்ற வரம்பு ஒழிய வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் அந்த உரிமை வேண்டும். தறியும் வயலும் சேர்ந்து கேட்டால் கிடைக்காமல் போகாது!