விடுமுறையும் நினைவுநாளும்

நம் நாட்டு நாட்காட்டியில் விடுமுறைகளுக்குக் குறைவில்லை. நான்கு சமயத்தாரின் பெருநாள்களோடு பூரணை தினங்கள் யாவும் விடுமுறையே. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாளே வார விடுமுறையாகவும் இருந்தது. அலுவலகத்தையும் பாடசாலையையும் மூடுவதே ஒரு நாளைப் போற்றும் முறை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

ஆயின் டிசம்பர் 26 வேறு வகையினது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளை நினைந்து, அது தேசிய பாதுகாப்பு தினமாக அனுட்டிக்கப்படுகின்றது. காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம், விடுமுறை இல்லை.

ஊவா மக்களுக்கும் அத்தகைய நாளொன்று உண்டு. 2014 அக்டோபர் 22இல் தீபாவளி வந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கவர்ந்தன.

அக்டோபர் 29ஐ விடுமுறையாக்குவதால் ஒரு லயமேனும் காப்பாற்றப்படாது. அதனை வேலைநாளாகவே அனுட்டித்தல் வேண்டும். அன்று அதிகாரிகளும் தோட்ட நிருவாகத்தினரும் தொழிலாளரும் ஒன்றாய் மலையேறி, நில வெடிப்புகளையும் அடைபட்ட வடிகான்களையும் பார்வையிடுக. அபாயத்திலுள்ள லயங்களின் பட்டியலைப் பிரட்டுக்களத்தில் யாவரும் காண ஒட்டுக. சென்ற ஆண்டுப் பட்டியலில் எத்தனை குடும்பங்கள் மாற்றிடம் பெற்றன என்பதையும் அங்கேயே வாசிக்குக.

பல துறைகளிலும் பொறுப்பேற்றிருக்கும் பழைய மாணவர்கள் இம்முயற்சியைத் தொடங்கிவைப்பார்களாக.