தகுதி என்னும் பஜனை

2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கலாகாது என்றது முதல் தகுதி, தகுதி என்று ஒரே பஜனை! ஹார்வர்டில் அப்பன் படித்ததற்காகப் பிள்ளைக்குக் காட்டும் சலுகையை அத்தீர்ப்புத் தொடவில்லையே, அது எந்தத் தகுதி?

வைத்தியப் படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1910-இல் பிளெக்ஸ்னர் என்பவர் வைத்தியக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். நல்ல அறிக்கைதான், போலிக் கல்லூரிகள் பல ஒழிந்தன. ஆனால் கறுப்பருக்கென்று இருந்த ஏழில் இரண்டு போதும் என்றார். சில ஆண்டுகளில் இரண்டே மிஞ்சின. வெள்ளையர் கல்லூரிகளோ பெரும்பாலும் அவர்களை வாசலிலேயே நிறுத்தின. இத்தனையும் செய்துவிட்டு இன்று, ‘வாருங்கள், சமமாகப் போட்டியிடுவோம்’ என்கிறார்கள், சொல்லக் கூசவில்லையா? அங்கே கறுப்பினத் தாய்மார் பிரசவத்தை ஒட்டி இறக்கும் விகிதம் வெள்ளையரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதைப்பற்றித் தகுதிக்காரர்கள் வாய் திறக்கட்டும்.