மதுரையைவிடப் பலாலி பக்கம்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு வான்வழியே சுமார் 355 கிலோமீட்டர்தான். மதுரைகூட இதைவிடத் தூரம். சின்ன ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகிறது.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் என் சித்தி, தன் தம்பியின் எட்டுச் செலவுக்கு, அதாவது எட்டாம் நாள் சடங்குக்கு, போனது கொழும்பு வழியாக. யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே 300 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்து, இரவு பஸ்ஸில் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். முழங்கால் வீங்கிப்போய் வீட்டு வாசலில் இறங்கினார்.

ஆகவே இந்த விமானத்தைச் சுற்றுலா வசதி என்று மட்டும் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சென்னை வளசரவாக்கத்தில் இருக்கும் எங்களுக்கு இது சாவுக்கும் கல்யாணத்துக்கும் போகிற வழி. மதுரைக்குப் போகிறவருக்கு உள்நாட்டுக் கட்டணம். அதைவிடக் குறைந்த தூரம் போகும் எங்களுக்குச் சர்வதேசக் கட்டணம். குறுந்தூரக் கடல்கடந்த பயணங்களுக்கு இரு அரசுகளும் நிலையக் கட்டணத்தையும் வரியையும் தனியாக நிர்ணயித்துக் குறைக்க வேண்டும். 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணச் சேவை தொடங்கியது. அங்கே தூரம் 200 கிலோமீட்டர்கூட இல்லை. முதலில் அந்தத் தடத்திலேயே தொடங்கட்டும்.